மாமனாரின் பம்பர்

என் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று முடிவானபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். அவருக்குக் கண் தெரிந்துவிட்டால் என் பொய்யும் தெரிந்துவிடும்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. மந்தைவெளியில் மாமனார் கட்டிய சின்ன வீட்டில், அவருடைய மகளைக் கட்டிக்கொண்டு, அவர் மாட்டிய மின்விசிறிக்குக் கீழேயே பதினெட்டு வருடமாகக் காற்று வாங்குகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அன்றைக்கு வெட்கப்பட்ட என் நண்பர்கள் எல்லோரும் இன்றைக்கு வண்டலூர் தாண்டிக் குடியிருக்கிறார்கள்.

மாமனார் கல்யாணக் கார் ஓட்டியவர். அவருடைய சொந்தக் கார். வெள்ளை நிறம், குண்டு உடம்பு, முன்பக்கம் ஐந்தடி நீளத்துக்கு ஒரு குரோம் பம்பர். மயிலாப்பூர், அபிராமபுரம் பக்கத்து மாப்பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் காரில் ஊர்வலம் போயிருக்கிறார்கள். நானும் போனேன். அவரேதான் ஓட்டினார். பெண்ணின் அப்பாவே ஓட்டுகிறாரே என்று என் பக்கத்து உறவினர்கள் கூச்சப்பட்டபோது, "வேற எவனையும் வண்டியத் தொட வுடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் கவலை மகளைப் பற்றியதா, காரைப் பற்றியதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தினமும் காலையில் டீ குடித்ததும் பழைய வேட்டித் துணியை எடுத்துக்கொண்டு பம்பரைத் துடைக்கப் போய்விடுவார். ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைவரை துடைத்துவிட்டு, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் கையால் ஒரு தடவை நெடுகத் தடவிப் பார்ப்பார். அந்த நேரத்தில் யார் எதிரில் வந்தாலும் ஒரே கேள்விதான்.

"இன்னா, மூஞ்சி தெரியுதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். கல்யாணமான புதிதில் நான் அதில் பார்த்துத் தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். மூக்கு கொஞ்சம் அகலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

பிறகு அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்தது. ஆபரேஷன் என்றால் பயம், அதனால் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டார். அதே சமயத்தில் ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பம்பரில் துரு கண்டது. குரோம் செதில் செதிலாகக் கிளம்பி, அடியில் பழுப்பு நிறம் எட்டிப் பார்த்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு நாள் காலையில் அவர் துடைத்து முடித்துவிட்டு என்னைக் கேட்டார். அதற்கு முதல் நாள்தான் ஒரு கல்யாண சவாரியை, கண் சரியில்லை என்று, இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். இனிமேல் சவாரியே கிடையாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த முகத்தைப் பார்த்து துரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியுது மாமா. பளபளன்னு இருக்கு" என்றேன்.

ஒரு நாளைக்கு என்று சொன்ன பொய் இரண்டு வருடம் ஓடியது. மனைவியும் எனக்குத் துணை போனாள். காலையில் டீ எப்படியோ, பொய்யும் அப்படி ஆகிவிட்டது.

அந்த இரண்டு வருடத்தில் அவருக்கு இன்னொரு தொந்தரவும் வந்தது. சர்க்கரைக்காரர். விரல் மரத்துப் போகிறது என்று டாக்டரிடம் சொல்லி, சர்க்கரை மாத்திரையோடு விரலுக்கென்று ஒரு மாத்திரையும் போட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்வது எப்போதும் அவர் வேலை. பட்டினப்பாக்கத்தில் வாங்கி வந்த சங்கரா மீனை அவர் கையில் கொடுத்தால், ஒரு செதில் மிஞ்சாமல், வயிற்றைக் குதறாமல், பூ மாதிரி எடுத்துக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கத்தியை என்னிடம் நீட்டினார். "மரத்துப்போன கையில கத்தி கூடாது மாப்ளே. இனிமே நீயே பாத்துக்க." அன்றிலிருந்து எங்கள் வீட்டு மீன் குழம்பில் செதில் மிதக்கிறது. குழம்பு ஊற்றும்போதெல்லாம் அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். மீன் ஆய்வது அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

கடைசியில் பெங்களூரில் இருக்கும் மூத்த மகள், என் மனைவியின் அக்கா, பிடித்த பிடியில் நின்று ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தாள். அங்கேயே செய்துகொண்டு மூன்று வாரம் இருந்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, வந்தொடனே மொதோ வேலையா பம்பர்லதான் என் மூஞ்சியப் பார்ப்பேன். ஊட்டுக்குள்ள அப்பாலதான் வருவேன். சொல்லிட்டேன்."

ரயில் நகர்ந்தது. நான் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, "பளபளன்னு இருக்குதுன்னு சொன்னது யாரு? நானா? அதை பளபளன்னு ஆக்க வேண்டியதும் நீங்கதான்" என்றாள். துணை போனவர்கள் எல்லாம் கடைசி நேரத்தில் இப்படித்தான் கழன்றுகொள்வார்கள்.

புதுப்பேட்டையில் முலாம் பூசும் கடைக்காரர் பம்பரின் நீளத்தைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். "பெரிய அயிட்டம் சார். நாலஞ்சு பம்பர் சேர்ந்தாத்தான் பெரிய தொட்டிய ரெடி பண்ணுவோம். ரெண்டு மாசமாச்சும் ஆவும்." பக்கத்துக் கடையில் துருவையும் பழைய குரோமையும் மட்டும் சுரண்டி எடுத்து, மெஷினில் மெருகு போட்டு, வெறும் இரும்பாகத் தருவதாகச் சொன்னார்கள். அது ஒரு வாரம். மேல்பூச்சுக்கு நீயே வழி பார்த்துக்கொள் என்றார்கள்.

பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் நான் அடையாறில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பரிசோதனைக் குழாய் எடுத்துக் கொடுத்து, அவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளியிருக்கிறேன். முலாம் பூசும் சோதனை வருடா வருடம் என் கண்ணெதிரில் நடக்கிறது. ஒரு சின்னச் சாவிக்கு அரை மணி நேரத்தில் நிக்கல் பூசிவிடுவார்கள். சாவிக்கு முடிந்தது பம்பருக்கு முடியாதா என்பது என் கணக்கு.

எங்கள் துறைப் பேராசிரியை நல்லவர், ஆனால் கறார். நான் குரோம் என்று ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"குரோமிக் அமிலத்தை உங்க வீட்டுத் தெருவுக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது. அது விஷம். நீங்க பம்பர்ல பார்க்கிற பளபளப்புக்கு அடியில இருக்கிறது நிக்கல்தான், குரோம் மேல ஒரு மெல்லிசான படலம். நிக்கல் மட்டும் போடுங்க, போதும். அதுக்கும் கையுறை, முகமூடி எல்லாம் வேணும். மிச்சத் தண்ணியை சாக்கடையில ஊத்தாம கேன்ல பிடிச்சு இங்கே கொண்டு வாங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டில் மட்டும் குரோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நிக்கல் என்றால் மனைவியிடம் மரியாதை கிடைக்காது.

அடுத்தது பாத்திரம். சாவியை டம்ளரில் முக்கலாம். ஐந்தடி பம்பரை எதில் முக்குவது? எதிர்வீட்டு பாய் கல்யாணங்களுக்கு பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்பவர். அவரிடம் இருக்கும் மிகப் பெரிய அண்டாவைப் பார்க்கப் போனேன். டேப்பை வைத்து அளந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா சார், ஆடு முழுசா போடப் போறீங்களா?"

"பம்பர், பாய்."

அவர் அண்டாவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி உள்ளே வைத்துவிட்டார். "சார், இது சோறு ஆக்குற பாத்திரம். தூக்கிவிட ஆள் வேணும்னா சொல்லுங்க, நானே வரேன். அண்டா மட்டும் கேக்காதீங்க." அவர் சொன்னது நியாயம். அண்டா கிடைத்திருந்தாலும் பம்பர் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். அவ்வளவு பெரிய தொட்டியை நிரப்ப நிக்கல் கரைசலுக்கு நான் எங்கே போவேன்?

வழியைப் பேராசிரியைதான் காட்டினார். பம்பரைக் கரைசலுக்குள் கொண்டுபோக முடியவில்லை என்றால் கரைசலைப் பம்பருக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். ஒரு நிக்கல் தகட்டுக்குத் துணி சுற்றி, பேட்டரி சார்ஜரின் ஒரு ஒயரை அதில் மாட்டி, மறு ஒயரைப் பம்பரில் கவ்வவிட்டு, துணியைப் பச்சை நிறக் கரைசலில் தோய்த்துத் தோய்த்துத் தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் நிக்கல் படியும். தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தேய்க்கிறோமே, அதே கை. முதலில் ஒரு பழைய இரும்புக் கரண்டியில் தேய்த்துப் பார்த்தேன். கரண்டி கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. மனைவி கையைத் தட்டிச் சிரித்தாள். ஆனால் அந்தக் கரண்டியை இனிமேல் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

இந்த வேலையில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இருக்கக் கூடாது. விரல் பட்ட தடம்கூட ஆகாது. எண்ணெய் இருக்கும் இடத்தில் நிக்கல் ஒட்டாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. கழுவிய பம்பரின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் பாய் விரித்தது போல ஒட்டி நின்றால் சுத்தம். எங்கேயாவது முத்து முத்தாக உருண்டால் அங்கே எண்ணெய்.

மெருகுக் கடையிலிருந்து பம்பர் வந்தபோது, மாமனார் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு விடுப்புப் போட்டேன். பாயும் நானும் பம்பரை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டு ஸ்டூல் மேல் வைத்தோம். சோடா உப்பு போட்டு இரண்டு முறை தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றினேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே விரிப்பு. ஒரு முத்து இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சார்ஜரைப் போட்டேன். எரியவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் காலை ஒன்பது முதல் இரண்டுவரை மின்தடை. பேப்பரில் போட்டிருந்தார்களாம். நான் அந்தப் பேப்பரில்தான் பம்பரைச் சுற்றி எடுத்து வந்திருந்தேன்.

சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி, பம்பரை மூடிவைத்துவிட்டுக் கீழே போனேன். யாரும் கை வைக்கக் கூடாது என்று மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் மாடிக்கு ஓடினேன். தண்ணீர்ச் சோதனையைத் திரும்ப ஒரு முறை செய்திருக்க வேண்டும். காலையில்தான் செய்தாயிற்றே என்ற திமிர். நேராகத் தேய்க்க உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம்வரை தேய்த்தேன். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஆனால் தேய்த்துக்கொண்டே போகப் போக பம்பர் உயிர் பெற்றது. முதலில் வானம் தெரிந்தது. பிறகு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கடைசியில் முகமூடி போட்ட என் மூஞ்சியே தெரிந்தது. நிஜமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடம் அடுத்தவர் சோதனைக்குக் குழாய் கழுவிய நான், முதன்முறையாக நானே ஒன்றைச் செய்து முடித்திருந்தேன்.

கழுவித் துடைத்துப் பார்த்தபோது, நட்ட நடுவில் மூன்று இடத்தில் நிக்கல் ஒட்டவே இல்லை. ஒரு ரூபாய் அளவுக்கு மூன்று வட்டம், மங்கிய இரும்பு நிறத்தில்.

மேலே மேலே தேய்த்தேன். ஓரம் உரிந்துகொண்டு வந்ததே தவிர ஒட்டவில்லை. எனக்கு வந்ததே கோபம்! கரைசல் விற்ற கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். மெருகுக் கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். மின்வாரியத்துக்கும் போட்டிருப்பேன், நம்பர் தெரியவில்லை. சத்தம் கேட்டு மேலே வந்த மனைவி மட்டும் ஒன்றும் பேசாமல் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பேசாமல் நிற்பது வீட்டில் அபூர்வம்.

அப்போதுதான் அந்த வட்டங்களை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்றும் ஒரே வரிசை. ஒரே இடைவெளி. பூஜை போட்ட வண்டியில் பொட்டு வைக்கிற இடம்.

"நீ வெச்சியா?"

"வெச்சேன். ஒடனே தொடைச்சிட்டேங்க. முந்தானையால நல்லா தொடைச்சேன்."

"வெறும் குங்குமமா?"

"வெறும் குங்குமம் இரும்புல நிக்குமா? நல்லெண்ணெயில கொழைச்சு வெச்சேன்."

அவளே சொன்னாள். "நைனா ஓட்டினப்ப வெள்ளிக்கெழம தவறாம வெப்பாரு. இன்னிக்கு காலையிலதான் அவருக்கு ரெண்டாவது கண்ணுக் கட்டு பிரிக்கறாங்கன்னு அக்கா போன் பண்ணுச்சு. ராவுகாலத்துக்கு முன்னாடி வேண்டிக்கினு வெச்சிட்டேன். நைனாவுக்கு நல்லா தெரியணும்னுதாங்க."

இதற்கு என்ன கோபப்படுவது? கத்துவதற்கு வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் விழுங்கிவிட்டு, "கட்டு பிரிச்சாச்சா? தெரியுதாமா?" என்று கேட்டேன். "சோக்கா தெரியுதாம். செவுத்துல பல்லி போறதுகூட தெரியுதாம்" என்றாள். பல்லியே தெரிகிறவருக்கு ஒரு ரூபாய் வட்டம் தெரியாமல் போகுமா?

கரைசலும் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை மிச்சத் தண்ணீரைக் கேனில் பேராசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, பாயின் துணையோடு பம்பரைக் காரில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அதே மூன்று இடத்தில் அழுத்தமாகக் குங்குமப் பொட்டு வைத்தாள். வட்டம் மறைந்துவிட்டது. பார்க்க லட்சணமாகவும் இருந்தது. பொய்யின் மேல் இன்னொரு பொய்யைப் பூசினால் அது நன்றாகவே ஒட்டுகிறது என்று எனக்கு அப்போது பட்டது.

மாமனார் ஆட்டோவில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, புதுச் சட்டை. சொன்னபடியே வீட்டுக்குள் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, காருக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"அடப்பாவி, இவ்ளோ கெழவனா ஆயிட்டேன்?" என்று சிரித்தார். எங்களுக்குப் போன உயிர் வந்தது.

பிறகு வழக்கம்போல வெறும் கையை எடுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, பொட்டில் படாமல் தடவிக்கொண்டு போனார். பாதியில் கை நின்றது. திரும்பி வந்து இன்னொரு முறை தடவினார். விரல்களைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா," என்று மகளைக் கூப்பிட்டார். "கையி வந்துடுச்சிம்மா! வழவழன்னு கீது! அந்த விரல் மாத்திரைய நிறுத்திடச் சொல்லி டாக்டராண்ட கேக்கணும்."

"இன்னா நைனா சொல்ற?"

"ரெண்டு வருசமா பம்பரத் தொட்டா உப்புத்தாள் மாதிரி கீது. மாப்ளயக் கேட்டா பளபளன்னு கீதுன்றாரு. நீயும் அதேதான் சொல்ற. ரெண்டு பேரும் பொய்யா சொல்லுவீங்க? அப்போ கோளாறு என் கையிலதான? அத்தச் சொல்லித்தான டாக்டராண்ட மாத்திரை வாங்கினேன். அத்தொட்டுதான கத்தியக்கூட வுட்டேன்."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் மனம் நோகக் கூடாது என்று நான் சொன்ன பொய்க்கு, அந்த மனிதர் தன் கையையே சந்தேகப்பட்டிருக்கிறார். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை என் ஒரு வார்த்தைக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, நான் ஆய்ந்த செதில் மீனைச் சாப்பிட்டிருக்கிறார். மனைவி என்னைப் பார்த்தாள். இந்த முறை கழன்றுகொள்ளவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா," என்றேன். "உங்க கை நல்லாத்தான் இருந்துச்சு. பம்பர்தான் துரு புடிச்சிருந்துச்சு. சொல்ல மனசு வரல. இப்ப இருக்கிறது முந்தாநாள் நானே மாடியில பூசினது."

மாமனாருக்குக் கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும், 'நீ' போய் 'நீங்க' ஆகிவிடும். என் பக்கம் திரும்பினார்.

"அப்போ என் கையி பொய் சொல்லல. நீங்கதான் சொல்லிக்கினு இருந்தீங்க."

"ஆமாம் மாமா."

கார் கதவைத் திறந்து பழைய வேட்டித் துணியை எடுத்தார். பம்பரை ஒரு முனையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். நடுவில் வந்ததும் பொட்டுகள் போயின. மூன்று வட்டமும் வெளியே வந்தன. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது இன்னாது?"

மனைவி நல்லெண்ணெய்க் கதையைச் சொன்னாள். கண்ணுக்காக வேண்டிக்கொண்டதையும் சொன்னாள். அவர் மகளின் தலையில் ஒரு தரம் கையை வைத்து எடுத்தார். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"மாப்ளே."

"சொல்லுங்க மாமா."

"மூஞ்சி தெரியுதா?"

குனிந்தேன். இந்த முறை அவசரப்படாமல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முழுவதும் பார்த்தேன்.

"தெரியுது மாமா. மூணு எடத்துல மட்டும் தெரியல."

"ஆங்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இன்னிக்கு மீனு இன்னா வாங்கினு வந்த? அந்தக் கத்திய எங்க வெச்சித் தொலைச்ச மாப்ளே?"